மணப்பெண் எப்போ வாடிக்கையாளர் ஆனாங்க?

இன்னைக்கு எபிசோட்ல ஒரு தொழிலோட வரலாறு பார்க்கப் போறோம். ராஜா கிடையாது, போர் கிடையாது. ஒரு சீப்பு, நூறு யூ-பின், ஒரு பெரிய பந்து மல்லிகை, அப்புறம் தூக்கம் இல்லாத ஒரு ராத்திரி. பிரைடல் ஹேர்ஸ்டைலிஸ்ட், அதாவது கல்யாணப் பொண்ணுக்குத் தலை அலங்காரம் பண்றவங்களோட கதை.

சென்னையில இருந்து கோயம்புத்தூர் போற ரயில்ல ஜோலார்பேட்டை தாண்டினதும் மொரப்பூர் வரும், அப்புறம் பொம்மிடி வரும், அப்புறம் சேலம். நம்மில் பல பேர் அந்த ஸ்டேஷன் பேரை ஜன்னல் வழியா மட்டும் படிச்சிருப்போம். தர்மபுரி மாவட்டம், பாப்பிரெட்டிப்பட்டி தாலுகா. சேர்வராயன் மலைக்குப் பக்கத்துல இருக்கிற ஒரு சின்ன ஊர். இந்த மாதிரி ஒரு ஊர்ல ஒரு பொண்ணு, "நான் பிரைடல் ஹேர்ஸ்டைலிஸ்ட்"னு சொல்லி, ஒரு ட்ராலி பையை இழுத்துக்கிட்டு ராத்திரியில மண்டபம் மண்டபமா போய்ச் சம்பாதிக்க முடியுதுன்னா, அது சும்மா வந்துடல. அதுக்கு முன்னாடி சில விஷயங்கள் மாற வேண்டியிருந்தது. முதல் விஷயம், காசு கொடுத்து அலங்காரம் பண்ணிக்கலாம்ங்கற எண்ணம். ரெண்டாவது, மணப்பெண்ணோட தலையை யார் தொடலாம்ங்கற கேள்வி. மூணாவது, எனக்கு ரொம்ப முக்கியமாப் படுறது: "உனக்கு என்ன மாதிரி வேணும்?"னு மணப்பெண்ணைப் பார்த்து ஒருத்தர் கேட்கிற நிலைமை.

நாலு பெண்கள், கொஞ்சம் நெல்லு

முதல்ல ரொம்பப் பழசுக்குப் போவோம். அகநானூற்றுல 86ஆம் பாட்டு ஒரு கல்யாணத்தை விவரிக்குது. பாடினவர் நல்லாவூர் கிழார். அந்தக் கல்யாணத்துல உளுந்து போட்ட சோறு இருக்கு, பந்தல் இருக்கு, விளக்கு இருக்கு. பிள்ளை பெத்த நாலு பெண்கள் சேர்ந்து மணப்பெண்ணை நீராட்டி வாழ்த்துறாங்க. அந்தத் தண்ணியோட பூவும் நெல்லும் சேர்ந்து விழுது. குளிச்சு முடிச்ச பிறகும் அந்தப் பூவிதழும் நெல்லும் பொண்ணோட கூந்தல்ல ஒட்டிக்கிட்டு நிக்குது.

தமிழ்ல நமக்குக் கிடைக்கிற மிகப் பழைய கல்யாணத் தலை அலங்காரக் காட்சிகள்ல இது ஒண்ணு. இதுல தொழிலாளின்னு யாரும் கிடையாது. அலங்கரிக்கிறவங்களோட தகுதி அவங்க கைவேலை இல்ல, அவங்க வாழ்க்கை. புருஷன் இருக்கணும், பிள்ளை இருக்கணும். அந்த அதிர்ஷ்டம் அவங்க கை வழியா மணப்பெண் தலைக்கு இறங்கும்னு நம்பிக்கை. இன்னைக்கும் நலங்குல அத்தையும் சித்தியும் எண்ணெய் தொட்டு வைக்கிறப்போ நடக்கிறது ஏறக்குறைய இதுதான்.

கூந்தலைப் பத்தி நம்ம இலக்கியத்துக்கு இருந்த கவனம் உங்களுக்கே தெரியும். பெண்ணோட கூந்தலுக்கு இயற்கையிலேயே மணம் உண்டான்னு தருமியை வச்சு நாகேஷ் கலக்கின காட்சி, 1965ல வந்த 'திருவிளையாடல்' படம். அதுக்குப் பின்னாடி இருக்கிறது குறுந்தொகையோட 2ஆம் பாட்டு. ஐம்பால்னு கூந்தலை அஞ்சு வகையா முடிக்கிற முறைக்கே ஒரு பேர் இருந்தது. சிலப்பதிகாரத்துல கடலாடு காதையில, மாதவி தலைக்குக் குளிக்கிறதுக்குப் பத்து வகைத் துவர், அஞ்சு வகை விரை, முப்பத்திரண்டு வகை ஓமாலிகைன்னு கணக்குச் சொல்றாங்க. துவர்னா துவர்ப்புப் பொருள், விரைன்னா வாசனைப் பொருள், ஓமாலிகைன்னா ஊற வைக்கிற மணப்பொருள். மொத்தம் நாற்பத்தேழு அயிட்டம். இப்போ எந்தப் பார்லர் பேக்கேஜ்லயும் இவ்வளவு இல்ல!

திரௌபதியோட வேலை ஒப்பந்தம்

சரி, அலங்காரத்தை வேலையாச் செஞ்சவங்க இல்லவே இல்லையா? இருந்தாங்க. பழைய தமிழ்ல அவங்களுக்கு வண்ணமகள்னு பேரு. ஆனா அவங்க இருந்தது அரண்மனையில.

தர்மபுரிப் பக்கம் இருக்கிறவங்களுக்கு இந்தத் தொழில்ல மிகப் பிரபலமான ஆளை நல்லாவே தெரியும். அவங்க பேரு திரௌபதி. வட தமிழ்நாடு முழுக்க, தர்மபுரியிலயும், கோடை வந்தா திரௌபதி அம்மன் கோயில்கள்ல பாரதக் கூத்து நடக்கும். அதுல விராட பர்வம் ஒரு முக்கியமான இடம். வனவாசம் முடிஞ்சு பாண்டவர்கள் ஒரு வருஷம் மறைஞ்சு வாழணும். திரௌபதி விராட ராஜாவோட அரண்மனைக்குப் போய், ராணி சுதேஷ்ணைகிட்ட தலை அலங்காரம் பண்ற வேலை கேக்குறாங்க. சைரந்திரிங்கறது அந்த வேலையோட பேரு.

இந்தக் காட்சியைக் கொஞ்சம் வேலைக் கண்ணாடி போட்டுப் பாருங்க. திரௌபதி முன் அனுபவம் சொல்றாங்க: கிருஷ்ணரோட மனைவி சத்யபாமாகிட்டயும், பாண்டவர்களோட ராணி திரௌபதிகிட்டயும் வேலை பார்த்திருக்கேன்னு. தன் பேரையே ரெஃபரன்ஸா கொடுக்குறாங்க! அப்புறம் நிபந்தனைகள்: எச்சில் சாப்பாடு சாப்பிட மாட்டேன், யார் காலையும் கழுவ மாட்டேன். எது என் வேலை, எது என் வேலை இல்லைன்னு முதல் நாளே கோடு போடுறாங்க.

அந்தக் கோட்டைத் தாண்டினது வாடிக்கையாளர்தான். ராணியோட தம்பி கீசகன் திரௌபதி மேல கண்ணு வைக்கிறான். "அவன் வீட்டுல போய் மது வாங்கிட்டு வா"ன்னு ராணியே திரௌபதியை அனுப்புறாங்க. அலங்காரம் பண்ண வந்தவளை அந்த வேலைக்கு அனுப்புறதுக்கு ராணிக்கு என்ன உரிமை? அன்னைக்குத் திரௌபதி சபையில போய் நியாயம் கேட்டும் கிடைக்கல. கடைசியில பீமன்தான் தீர்ப்பு சொன்னான்.

நம்ம காலத்துல பீமன் கிடையாது, சட்டம் இருக்கு. பணியிடத்துல பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கிற 2013ஆம் வருஷச் சட்டம் வீட்டையும் பணியிடமாவே கணக்குல எடுத்துக்குது. 10 பேருக்குக் குறைவா வேலை பார்க்கிற இடங்கள்ல இருந்து வர்ற புகாருக்காக மாவட்டத்துக்கு ஒரு உள்ளூர்க் குழு இருக்கணும்னு சொல்லுது. ராத்திரி ரெண்டு மணிக்குத் தெரியாத மண்டபத்துல வேலை பார்க்கிற ஒரு பொண்ணுக்கு இது ஏட்டுச் சட்டமா மட்டும் இருக்கக் கூடாத ஒண்ணு.

முடி தொட்டவங்க, மதிப்பு கிடைக்காதவங்க

அரண்மனையை விட்டு ஊருக்கு வருவோம். ஊர்ல முடி சம்பந்தமான வேலை ஒரு சாதியோட கடமையா இருந்தது. நாவிதர், மருத்துவர், குடிமகன்னு இடத்துக்கு இடம் பேர் மாறும். எட்கர் தர்ஸ்டன் 1909ல ஏழு தொகுதியா வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள் பத்தின நூல்ல, இந்த ஆண்கள் முடி திருத்துறது, வைத்தியம் பார்க்கிறது, வாசிக்கிறது எல்லாம் செய்றதையும், பெண்கள் பிரசவம் பார்க்கிறதையும் பதிவு பண்ணியிருக்கார். மருத்துவச்சிங்கற சொல்லு இங்க இருந்து வந்ததுதான்.

கொங்கு நாட்டுல, சேலம், நாமக்கல், ஈரோடு பக்கம் போனா, வேளாளர் கல்யாணத்துல மங்கல வாழ்த்து பாடுறவரு இந்தக் குடிமகன்தான். கம்பர் எழுதிக் கொடுத்ததா மரபுல சொல்ற பாட்டு அது. கல்யாணச் சடங்குகளை வரிசையா சொல்லிட்டே போகும். அதாவது கல்யாணத்துக்குச் சாட்சி சொல்ற குரல் அவரோடது. மாப்பிள்ளைக்கு முகம் திருத்துறதும் அவர்தான். ஆனா மணப்பெண்ணோட தலை? அது வீட்டுப் பெண்கள் கையில. முடியையே தொழிலாக் கொண்ட குடும்பத்துக்கு, கல்யாணத்துல ரொம்பக் கொண்டாடப்படுற தலைமேல மட்டும் வேலை இல்ல.

அவங்களுக்குக் கூலியும் இன்னைக்கு மாதிரி கிடையாது. ஒரு வேலைக்கு இவ்வளவுன்னு ரேட் இல்லாம, அறுவடையில களத்து நெல்லோ தானியமோ பங்கா கொடுப்பாங்க. கல்யாணத்துல வேட்டி, அரிசி, தேங்காய். கேட்டு வாங்கற உரிமை ஓரளவு இருந்தது, வேண்டாம்னு சொல்ற உரிமை கிடையாது. வாடிக்கையாளரைத் தேர்ந்தெடுக்க முடியாது, வேலையை விட முடியாது, மரியாதையும் வராது. இன்னைக்கு இந்தச் சமூகம் தமிழ்நாட்டுல மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியல்ல இருக்கு. முடிதிருத்துவோருக்குத் தனி நல வாரியமும் இருக்கு. ஆனா அவங்க சாதிப் பேரை வசவாப் பயன்படுத்துற வழக்கம் இன்னும் போகல. இதை மனசுல வச்சுக்கோங்க, திரும்ப வருவோம்.

கண்ணாடி முன்னாடி எடுத்த போட்டோ

உங்க வீட்டு ஆல்பத்துல பாட்டியோ பெரியம்மாவோ பூ ஜடையோட நிக்கிற ஒரு கறுப்பு வெள்ளைப் போட்டோ இருக்கும். பக்கத்துல பெரிய நிலைக்கண்ணாடி. முகமும் தெரியணும், பின்னாடி தைச்ச பூவும் தெரியணும்னு ஸ்டுடியோக்காரர் கண்டுபிடிச்ச வழி அது. கல்யாணத்துக்கு மட்டும் இல்ல, மஞ்சள் நீராட்டுக்கும் வளைகாப்புக்கும் இதே போஸ்தான்.

அந்தப் பூ ஜடையைத் தைச்சது யாரு? பெரும்பாலும் தெருவுல கை நல்லா ஓடுற ஒரு அக்காவோ அத்தையோ. மல்லி மொட்டை ஈர்க்குச்சியில கோர்ப்பாங்க, ஊசி நூலால பின்னலோட சேர்த்துத் தைப்பாங்க, நடுவுல கனகாம்பரம், மரிக்கொழுந்து, ஓரத்துல தாழம்பூ மடல். முடி குட்டையா இருந்தா சவுரி. மேல ராக்கொடி, கீழ குஞ்சலம், நெத்தியில சுட்டி, வகிட்டுக்கு ரெண்டு பக்கமும் சூரியன், சந்திரன். இந்த நகைகள் கோயிலுக்கும் நாட்டியத்துக்கும் சொந்தமானவை. கன்னியாகுமரி மாவட்டத்துல நாகர்கோவில் வடசேரியில செய்ற கோயில் நகைக்குப் புவிசார் குறியீடே இருக்கு. நாட்டிய மேடையில இருந்து அந்த வடிவங்கள் மெல்ல எல்லா வீட்டுக் கல்யாணத்துக்கும் வந்து, இப்போ வாடகை செட்டா ஊர் ஊரா சுத்துது.

அந்த அக்காவுக்கு என்ன கொடுத்தாங்க? தாம்பூலம், ஒரு ரவிக்கைத் துணி, வயிறாரச் சாப்பாடு. காசு கொடுத்தா கோச்சுக்குவாங்க. மூணு நாலு மணி நேர வேலை, நல்ல கைத்திறன், ஆனா அதுக்குத் தொழில்னு பேர் இல்ல. "நம்ம பொண்ணுதானே"ங்கற சொல்லுக்குள்ள கூலி காணாமப் போயிடும். இன்னைக்கு பொம்மிடியில ஒரு ஸ்டைலிஸ்ட் ரேட் சொல்றப்போ எதிர்ல இருந்து வர்ற முதல் பதிலும் இதேதான். "நம்ம பொண்ணுதானேக்கா, பார்த்துப் போடுங்க." அந்தப் பேரத்துக்கு ஒரு நூற்றாண்டு வரலாறு இருக்கு.

1989: தர்மபுரியில நடந்த ஒரு விஷயம்

சரி, எங்க உடைஞ்சது இது? நான் மூணு காரணம் சொல்லுவேன்.

முதல் காரணம் தர்மபுரியிலயே பிறந்தது. தமிழ்நாட்டுல மகளிர் சுய உதவிக் குழுக்கள் அரசுத் திட்டமா முதல்ல ஆரம்பிச்ச மாவட்டம் தர்மபுரிதான். வருஷம் 1989. வேளாண்மை வளர்ச்சிக்கான பன்னாட்டு நிதியத்தோட உதவியில வந்த திட்டம். அப்போ கிருஷ்ணகிரியும் தர்மபுரிக்குள்ள இருந்தது, 2004லதான் பிரிஞ்சது. தன் பேர்ல பாஸ்புக், தன் கையெழுத்துல கடன், கணக்கு நோட்டு, வாராவாரம் கூட்டம். ஒரு பெண் தன் வேலைக்கு ஒரு விலை போடப் பழகறதுக்கு இது பெரிய பள்ளிக்கூடம். இப்போ வங்கிகள் மாவட்டத்துக்கு ஒண்ணுன்னு நடத்துற ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்கள்ல அழகுநிலையப் பயிற்சியை இலவசமாவே கொடுக்கிறாங்க, சுமார் ஒரு மாசம்.

ரெண்டாவது காரணம் ஒரு சின்னப் பாக்கெட். சேலம், தர்மபுரிப் பக்கம் தலைக்கு அரப்பும் சீயக்காயும்தான். ஷாம்பு பாட்டில் பணக்காரப் பொருள். கடலூர்ல சின்னிகிருஷ்ணன் ஷாம்புவைச் சின்னப் பாக்கெட்ல அடைச்சார். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983ல தனியா வந்து சிக் ஷாம்பு ஆரம்பிச்சார். பின்னாடி அது 50 காசுக்கே கிடைச்சது. அதே குடும்பத்துல இன்னொரு மகன் குமரவேலும் அவர் மனைவி வீணா குமரவேலும் 2000ல சென்னையில நேச்சுரல்ஸ் சலூனைத் தொடங்கினாங்க. காசு கொடுத்து முடியைக் கவனிச்சுக்கலாம், அதுல தப்பு இல்லங்கற பழக்கம் இப்படித்தான் பெட்டிக்கடை வழியா ஊருக்குள்ள வந்தது.

மூணாவது காரணம் மணப்பெண்ணோட வயசு. இதுதான் என் முக்கியமான வாதம். 1929ல வந்த சாரதா சட்டம் பெண்ணுக்குக் குறைஞ்சபட்சத் திருமண வயசு 14ன்னு வச்சது. அதுக்கே அவ்வளவு எதிர்ப்பு. 1978லதான் அது 18 ஆச்சு. பத்துப் பன்னிரண்டு வயசுக் குழந்தையை உக்கார வச்சுப் பூ தைக்கிறப்போ அவகிட்ட யாரும் எதுவும் கேட்கப் போறதில்ல. அவளுக்காக முடிவு பண்றவங்க வேற. 1989ல தமிழ்நாடு அரசு மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பேர்ல ஒரு திருமண உதவித் திட்டம் கொண்டு வந்தது. தேவதாசி முறைக்கு எதிராப் போராடினவங்க அவங்க. ஓரளவு படிச்சிருக்கணும், 18 முடிஞ்சிருக்கணும், அப்போதான் உதவி. பின்னாடி தாலிக்குத் தங்கமும் சேர்ந்தது. 2022ல அந்தத் திட்டத்தையே மாத்தி, கல்லூரி போற பெண்களுக்கு மாசம் 1,000 ரூபாய் கொடுக்கிற புதுமைப் பெண் திட்டமா ஆக்கினாங்க.

படிச்சு, பெங்களூர்லயோ ஓசூர்லயோ ஒரு சம்பளம் வாங்கி, தன் போன்ல இருந்து தானே அட்வான்ஸ் அனுப்புற ஒரு பொண்ணு. அவ வந்த பிறகுதான் இந்தத் தொழில்ல 'கிளையண்ட்'ங்கற ஆளே பிறந்தாங்க.

ராத்திரி ஒண்ணரை மணி

இப்போ வேலைக்கு வருவோம். முகூர்த்தம் காலையில நாலரை டு ஆறு, இல்லன்னா ஆறு டு ஏழரை. அப்படின்னா தலையில கை வைக்கிறது ராத்திரி ஒண்ணரை, ரெண்டு மணிக்கு. முந்தின நாள் சாயங்காலம் ரிசப்ஷனுக்கு வேற ஸ்டைல். ரெண்டுக்கும் நடுவுல மண்டப ரூம்ல, பிளாஸ்டிக் சேர்ல தூக்கம். ஆடியிலயும் மார்கழியிலயும் முகூர்த்தம் இல்ல, வருமானமும் இல்ல. வைகாசி, ஆவணி, தைன்னா ஒரே நாள்ல மூணு பேர் கூப்பிடுவாங்க.

சடங்குக்கும் வேலைக்கும் நேரா மோதுற இடம் ஒண்ணு இருக்கு. மங்கல ஸ்நானம்னு கல்யாணத்தன்னைக்குக் காலையில எண்ணெய் வச்சுத் தலைக்குக் குளிக்கணும். ஸ்டைலிஸ்ட்டுக்குத் தலை காஞ்சு இருக்கணும். ஈர முடியில கிரிம்ப் பண்ண முடியாது, எண்ணெய் முடியில பின் நிக்காது. அதனால பல வீடுகள்ல ஒரு சமாதானம் வந்திருக்கு. முந்தின நாளே தலைக்குக் குளியல், காலையில ஒரு சொட்டு எண்ணெய் தொட்டு வச்சாப் போதும். எந்த சாஸ்திரிகளும் உக்காந்து மாத்தினது இல்ல இது. பாட்டியும் ஸ்டைலிஸ்ட்டும் மண்டப ரூம்ல பேசித் தீர்த்துக்கிட்டது.

அப்புறம் அந்த ஜடை தாங்க வேண்டிய சோதனைகள். கூறைப்புடவை மாத்த அனுப்பினா இருபது நிமிஷத்துல திரும்பி மேடைக்கு வரணும், ஒரு பின்னும் கழலக் கூடாது. ரெண்டு மூணு கிலோ மாலை கழுத்துல உரசும். தாலி கட்டுறப்போ நாத்தனார் பின்னாடி நின்னு ஜடையைத் தூக்கிப் பிடிச்சு முடிச்சுப் போடணும். அந்த இடத்துல சவுரி கையோட வந்துட்டா, அது வீடியோவுல காலத்துக்கும் இருக்கும். அதனால பின்னலோட அடி உறுதியா இருக்கணும், கழுத்துக்கிட்ட தாலிக்கு இடம் இருக்கணும். பார்க்க அழகா இருக்கிறது பாதிதான். மிச்சப் பாதி எஞ்சினியரிங்.

அந்த ரூம்ல வாடிக்கையாளர் ஒருத்தர் கிடையாது, குறைஞ்சது மூணு பேர். பொண்ணு இன்ஸ்டாகிராம்ல இருந்து ஒரு ஸ்க்ரீன்ஷாட் காட்டுவா, முடி விரிச்ச ஸ்டைல். அம்மாவுக்கு இடுப்புக்குக் கீழ வர்ற பின்னல் வேணும். மாப்பிள்ளை வீட்டுல ஒரு பெரியம்மா எட்டிப் பார்த்து, "என்ன பூவே இல்ல?"ம்பாங்க. அதனால அனுபவம் உள்ளவங்க ட்ரயல் அன்னைக்கே வேலையை முடிச்சுடுவாங்க: ரிசப்ஷனுக்குப் பொண்ணு ஆசை, முகூர்த்தத்துக்குப் பூ ஜடை. கல்யாணம் ஒரு ஒப்பந்தம்னா, அதுக்குள்ள இது இன்னொரு ஒப்பந்தம்.

நகரத்துக்கும் பொம்மிடிக்கும் இங்க ஒரு வித்தியாசம் உண்டு. சென்னையில வேலை முடிஞ்சா உறவு முடிஞ்சது, ஒரு ரிவ்யூ போடுவாங்க. சின்ன ஊர்ல அதே வீட்டுக்கு மஞ்சள் நீராட்டு, கல்யாணம், வளைகாப்பு, அப்புறம் தங்கச்சி கல்யாணம்னு திரும்பத் திரும்பப் போகணும். பாக்கிப் பணத்தைக் கடுமையாக் கேட்டா ஒரு வீடு இல்ல, ஒரு தெருவே போயிடும். கேட்காம விட்டா பூக்காரருக்குத் தன் கையில இருந்து கொடுக்கணும். அதனாலதான் அட்வான்ஸ்ங்கற சொல் இவங்களுக்கு ஒரு தற்காப்புக் கலை. 2020 மார்ச் கடைசியில ஊரடங்கு வந்து, சித்திரை, வைகாசி முகூர்த்தங்கள் எல்லாம் வீட்டு வாசலோட சுருங்கினப்போ, அந்த அட்வான்ஸைத் திருப்பிக் கொடுக்கணுமா வேண்டாமாங்கற கேள்வி நிறைய உறவுகளைச் சோதிச்சது.

ஹேர் மட்டும் பண்றவங்க

தொழிலுக்குள்ளயே ஒரு மேல் கீழ் இருக்கு. பல கல்யாணங்கள்ல ஹேர்ஸ்டைலிஸ்ட்டைக் கூப்பிடறது மணப்பெண் இல்ல, மேக்கப் ஆர்டிஸ்ட். பேக்கேஜ் மேக்கப் பேர்ல போகும், முடி அதுக்குள்ள அடக்கம். இந்தப் படிநிலை சினிமாவுல ரொம்பக் காலம் எழுதப்பட்ட விதியாவே இருந்தது. மும்பைச் சினிமா ஒப்பனைக் கலைஞர்கள் சங்கத்துல மேக்கப்புக்கு ஆண்களுக்கு மட்டும்தான் கார்டு, பெண்கள்னா தலை அலங்காரம் மட்டும். சாரு குரானாங்கற ஒப்பனைக் கலைஞரும் இன்னும் சிலரும் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனாங்க. 2014 நவம்பர் 10ஆம் தேதி, இந்த விதி அரசியலமைப்புக்கு எதிரானதுன்னு தீர்ப்பு வந்தது. 2014ங்க! செவ்வாய்க்கு மங்கள்யான் போய்ச் சேர்ந்த அதே வருஷம்.

இப்போ அந்தச் சாதிக் கேள்விக்கு வருவோம். இன்னைக்கு இந்த வேலைக்கு எல்லாச் சமூகத்துப் பெண்களும் வர்றாங்க. அது நல்ல மாற்றம். ஆனா முடியைத் தொடுற அதே வேலை, 'ஸ்டைலிஸ்ட்'னு பேர் வச்சப்போ மரியாதை ஆச்சு. தலைமுறை தலைமுறையாச் செஞ்சவங்களுக்கு மட்டும் பழைய வசவு மிச்சமா நின்னுது. வேலைக்குக் கிடைச்ச கௌரவம் அந்த வேலையைக் காப்பாத்தினவங்களுக்கும் போய்ச் சேரணும். அது சேராத வரைக்கும் இந்தக் கதை பாதிதான்.

சீப்பு பிடிச்ச கையும் 1098ம்

கடைசியா, கனமான விஷயம். தர்மபுரி, குழந்தைத் திருமணம் பத்தின பேச்சு வர்றப்போ அடிக்கடி அடிபடுற மாவட்டம். 2019-21ல எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வு கணக்குப்படி, தமிழ்நாட்டுல 20 முதல் 24 வயசுப் பெண்கள்ல 12.8 சதவீதம் பேருக்கு 18 முடியறதுக்கு முன்னாடியே கல்யாணம் ஆகியிருக்கு. இந்திய சராசரியை விட இது கிட்டத்தட்ட பாதி. ஆனா எட்டுப் பேர்ல ஒருத்தர்ங்கறது சின்ன எண் இல்ல.

யோசிச்சுப் பாருங்க. கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி அந்தப் பொண்ணோட தனியா ரெண்டு மூணு மணி நேரம் உக்காந்து இருக்கிற, சொந்தக்காரர் இல்லாத ஒரே ஆள் யாரு? தலை அலங்காரம் பண்றவங்கதான். ஐயர் பொண்ணு முகத்தை மேடையிலதான் பார்ப்பார். மண்டபக்காரருக்கு ஆதார் நகல் மட்டும் தெரியும். முடியைப் பிரிச்சுச் சிக்கெடுக்கிறப்போ, "எத்தனாவது படிக்கிறே பாப்பா?"ன்னு சாதாரணமாக் கேட்டு உண்மை தெரிஞ்சுக்கிற இடத்துல இருக்கிறது இவங்க மட்டும்தான்.

2006ல வந்த குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்தோட 10ஆவது பிரிவு, அப்படி ஒரு கல்யாணத்தை நடத்துறவங்களுக்கும் அதுக்கு உடந்தையா இருக்கிறவங்களுக்கும் 2 வருஷம் வரைக்கும் கடுங்காவல், 1 லட்சம் வரைக்கும் அபராதம்னு சொல்லுது. நீதிமன்றம் கல்யாணத்தைத் தடுத்து உத்தரவு போடவும் அதே சட்டத்துல வழி இருக்கு. 1098க்குப் போன் பண்ணலாம். பேர் சொல்லணும்னு கட்டாயம் இல்ல.

சொல்றது சுலபம், நமக்கு. அதே ஊர்ல அடுத்த வாரமும் வேலை பார்க்கணும் அவங்க. யார் போன் பண்ணினதுன்னு ரெண்டு நாள்ல தெருவுக்குத் தெரிஞ்சுடலாம். அதனால மொத்தச் சுமையையும் சீப்பு பிடிச்ச ஒரு கையில வைக்கிறது நியாயம் இல்ல. ஆனா ட்ரயல்ங்கற பழக்கம் இங்க எதிர்பாராத ஒரு நல்லதைச் செய்யுது. கல்யாணத்துக்கு ரெண்டு மூணு வாரம் முன்னாடியே பொண்ணைப் பார்த்துப் பேசிடறாங்க. புக்கிங் எடுக்கிறப்போவே "பொண்ணுக்கு 18 முடிஞ்சிருக்கணும், வயசுச் சான்று காட்டணும்"னு எல்லாருக்கும் பொதுவா ஒரு நிபந்தனை வச்சுட்டா, அது யார் மேலயும் சந்தேகப்படற மாதிரி இருக்காது. திரௌபதி முதல் நாளே வச்ச நிபந்தனை மாதிரி. ஒரு ஊர்ல இருக்கிற அஞ்சு பேரும் சேர்ந்து வச்சா, ஒருத்தரை மட்டும் யாரும் ஒதுக்க முடியாது. கூட்டமா நின்னு பேசறதுக்கு 1989ல இருந்தே பழகின மாவட்டம் இது.

அகநானூற்றுப் பொண்ணுகிட்ட நாலு பேர் வாழ்த்து சொன்னாங்க. என்ன வேணும்னு கேட்டதாப் பாட்டுல இல்ல. பொம்மிடியில இன்னைக்கு ஒரு ஸ்டைலிஸ்ட் சீப்பைக் கையில எடுத்துக்கிட்டு, "உனக்கு எப்படி வேணும் சொல்லு"ன்னு கேக்குறாங்க. அந்தக் கேள்விக்குப் பொண்ணு தானே, வயசு வந்த ஒரு ஆளா, பதில் சொல்ல முடியுதுன்னா, அந்த வேலைக்கும் அந்தக் கல்யாணத்துக்கும் நம்ம ஊர் ரொம்பத் தூரம் நடந்து வந்திருக்குன்னு அர்த்தம்.

அடுத்த தடவை ஒரு கல்யாணத்துக்குப் போனா, மேடையில பூ ஜடையைப் பார்த்ததும் மணப்பெண் ரூம் பக்கம் ஒரு பார்வை பாருங்க. சேர்ல சாஞ்சு தூங்கிட்டு இருக்கிறவங்க சாப்பிட்டாங்களான்னு ஒரு வார்த்தை கேளுங்க. உங்க வீட்டு ஆல்பத்துல கண்ணாடி முன்னாடி எடுத்த அந்தப் போட்டோ இருந்தா, அந்தப் பூவைத் தைச்சது யாருன்னு வீட்டுல விசாரிச்சு எங்களுக்கு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.